உறவினரல்லாத இருவர்: யாருடைய பெயரைப் போடுவது?

அன்பான தோட்டத்துப் பெற்றோரே, தம்பி தங்கைமாரே,

க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை முடிவுகள் வந்துவிட்டால் எங்கள் நலன்புரி அறையில் பிள்ளைகளின் கூட்டம் கூடிவிடும். ஒருவர் கையில் பேப்பரில் வெட்டிய வேலை விளம்பரம் இருக்கும். இன்னொருவர் டவுனில் கடைக் கண்ணாடியில் ஒட்டியிருந்ததைத் துண்டில் எழுதிக்கொண்டு வருவார். இப்போது சிலர் போனில் படம் பிடித்துக்கொண்டும் வருகிறார்கள். பெயர், பிறந்த திகதி, பரீட்சைப் பெறுபேறு எல்லாவற்றையும் அவர்களே அழகாக எழுதிவிடுகிறார்கள். கடைசி வரிக்கு வந்ததும் பேனா நின்றுவிடும். "உறவினரல்லாத இருவரின் பெயர், விலாசம், தொலைபேசி இலக்கம்" என்பதுதான் அந்த வரி.

"யாரு பேரப் போடுறதுங்க? தொரை பேரப் போடலாமா? தலைவர் பேரு போட்டா சரியா வருமா?"

இதுதான் எல்லாரும் கேட்கும் கேள்வி. இந்த மாதப் பாடம் இந்த ஒரு வரியைப் பற்றியது. சின்ன வரிதானே என்று நினைக்காதீர்கள். இதனால் கைக்கு வந்த வேலை தவறிப்போனதை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

நடந்த ஒரு விஷயம்

எங்கள் மேல்கணக்கு லயத்துப் பிள்ளை ஒருத்தி. அம்மா கொழுந்து எடுக்கிறவர், அப்பா இல்லை. வணிகமும் கணக்கீட்டுக் கல்வியும் என்ற பாடத்தில் நல்ல பெறுபேறு எடுத்திருந்தாள். டவுனில் ஒரு கடைக்குக் கணக்கு எழுத ஆள் தேவை என்று கேள்விப்பட்டு விண்ணப்பம் எழுத எங்களிடம் வந்தாள். கடைசி வரியில் பாடசாலை அதிபரின் பெயரைப் போடச் சொன்னவர்கள் நாங்கள்தான். அதிபர் என்றால் கனமாக இருக்கும் என்று நினைத்தோம். அவரிடம் போய்க் கேட்டு வரும்படி நாங்கள் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

கடை முதலாளி பிள்ளையை வரச்சொல்லிப் பேசிப் பார்த்தார். பிடித்துவிட்டது. பிறகு அதிபருக்கு டெலிபோன் எடுத்தார். அந்த அதிபர் பாடசாலைக்கு மாற்றலாகி வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. "அப்படி ஒரு பிள்ளையை எனக்கு ஞாபகம் இல்லையே" என்று உள்ளதைச் சொல்லிவிட்டார். அவர் மேல் ஒரு பிழையும் இல்லை. ஆனால் முதலாளி என்ன நினைப்பார்? பிள்ளை பொய் எழுதியிருக்கிறாள் என்றுதானே நினைப்பார்? கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார வேண்டிய வேலை அது. வேறு ஆளை எடுத்துக்கொண்டார்.

அந்தப் பிள்ளைக்கு மூன்று வருடம் கணக்குப் படிப்பித்த டீச்சர் அதே பாடசாலையில்தான் இருந்தார். வகுப்புச் சுற்றுலாவுக்குச் சேர்த்த காசுக்கு அவள்தான் கணக்கு வைத்தாள் என்பதும், ஒரு ரூபாகூடப் பிசகவில்லை என்பதும் அந்த டீச்சருக்குத் தெரியும். அவர் பெயரைப் போட எங்களுக்குத் தோன்றவில்லை.

"எம்புள்ள பொய் சொல்லலைங்க" என்று அந்தத் தாய் எங்கள் அறையில் வந்து அழுதார். அவருக்குப் பதில் சொல்ல எங்களிடம் வார்த்தை இருக்கவில்லை. அந்தப் பிழையிலிருந்து நாங்கள் கற்றதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

ரெபரி என்றால் யார்?

இங்கிலீஷ் படிவத்தில் இவர்களை "ரெபரி" என்று போட்டிருப்பார்கள். பந்து விளையாட்டில் விசில் ஊதுகிறவரா என்று ஒரு தம்பி கேட்டான். அவர் இல்லை. உங்களைப் பற்றி விசாரித்தால் பதில் சொல்லக்கூடியவர் என்று அர்த்தம். தமிழ்ப் படிவங்களில் நற்சான்று பகர்வோர் என்றும் வரும்.

உங்களுக்கு வேலை தரப்போகிறவர் உங்களை அரைமணி நேரம்தான் பார்க்கிறார். நேரத்துக்கு வருவீர்களா, காசு விஷயத்தில் நம்பலாமா, மற்றவர்களுடன் ஒத்துப்போவீர்களா என்பது அரைமணி நேரத்தில் தெரியாது. அதைத் தெரிந்த ஒருவரிடம் கேட்கத்தான் அந்த வரி இருக்கிறது. ஆகவே அங்கே போடும் பெயர் அலங்காரத்துக்கு அல்ல. அந்த ஆள் உண்மையிலேயே கேட்கப்படுவார் என்று நினைத்துத்தான் போட வேண்டும்.

ஒன்றோடொன்று குழப்பிக்கொள்ளும் தாள்கள்

நம் ஆட்கள் நான்கு விஷயங்களைக் கலந்துவிடுகிறார்கள். பிரித்துச் சொல்கிறோம்.

1. ரெபரி. இது தாள் அல்ல, ஆள். பெயர், பதவி, விலாசம், டெலிபோன் இலக்கம் மட்டும் எழுதினால் போதும்.

2. நற்சான்றுக் கடிதம். உங்களைத் தெரிந்த ஒருவர் எழுதிக் கையெழுத்திட்டுத் தருவது. விளம்பரத்தில் கேட்டிருந்தால் பிரதியை இணைக்க வேண்டும்.

3. கிராம உத்தியோகத்தர் சான்றிதழ். நம் பெரியவர்கள் இன்னும் கிராம சேவகர் என்றுதான் சொல்கிறார்கள். நீங்கள் இந்தப் பிரிவில் குடியிருக்கிறீர்கள், நன்னடத்தை உள்ளவர் என்று அவர் தருவது. அதில் பிரதேச செயலாளரின் மேலொப்பமும் வாங்க வேண்டும். அடையாள அட்டையைக் கொண்டுபோங்கள். பழைய சான்றிதழை ஏற்கமாட்டார்கள் என்பதால் தேவைப்படும் நேரத்தில் புதிதாக எடுப்பதே நல்லது.

4. கையொப்பத்தை அத்தாட்சிப்படுத்துவது. அரசாங்க வேலை விண்ணப்பங்களில் இது வரும். "என் முன்னிலையில் இவர் கையொப்பமிட்டார்" என்று அரசாங்கப் பாடசாலை அதிபர், சமாதான நீதவான், சட்டத்தரணி, நொத்தாரிசு போன்ற ஒருவர் உறுதிப்படுத்துவது. வர்த்தமானியில் யார் யார் என்று பட்டியல் போட்டிருப்பார்கள். வாசித்துப் பார்த்துப் போங்கள். நம் தோட்டப் பாடசாலைகள் 1970களின் பிற்பகுதியிலிருந்து அரசாங்கத்தின் கீழ் வந்தவை. ஆகவே நம் பாடசாலை அதிபரும் அரசாங்கப் பாடசாலை அதிபர்தான். இந்த வேலைக்கு அவர் பொருத்தமானவர். புதிதாக வந்த அதிபர் என்றாலும் குற்றமில்லை, ஏனென்றால் அவர் பார்ப்பது நீங்கள் போடும் கையெழுத்தை மட்டும்தான். அவர் முன்னால் போய்த்தான் கையெழுத்திட வேண்டும். வீட்டிலேயே போட்டுக்கொண்டு போகாதீர்கள்.

எங்கள் பிழை இப்போது உங்களுக்கு விளங்கும். நான்காவது வேலைக்குச் சரியான ஆளை முதலாவது வேலைக்குப் போட்டுவிட்டோம்.

யாரைத் தெரிவு செய்வது?

ஒரு பெயரை எழுதுமுன் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்.

நான் ஏதாவது ஒரு வேலையைச் செய்ததை இவர் தன் கண்ணால் பார்த்திருக்கிறாரா? அடையாள அட்டையில் இருக்கும் என் பெயர் இவருக்குத் தெரியுமா? டெலிபோன் எடுத்தால் இவர் கிடைப்பாரா?

மூன்றுக்கும் "ஆம்" என்றால் அவர் சரியான ஆள். பதவி பெரிதா சிறிதா என்பது அதற்குப் பிறகுதான்.

பாடசாலையிலிருந்து இப்போதுதான் வெளியே வந்தவர்களுக்கு, வகுப்பாசிரியரோ பாட ஆசிரியரோ ஒருவர். இரண்டாமவர் பாடசாலைக்கு வெளியே உங்களைப் பார்த்தவராக இருக்கட்டும். நிறை பார்க்கும் நாளில் மிட்வைப் அம்மாவுக்கு உதவியாக நின்றீர்களா? பிள்ளைக் காம்பராவில் சின்னதுகளைப் பார்த்துக்கொண்டீர்களா? வாசிகசாலைப் புத்தகங்களுக்குப் பொறுப்பாக இருந்தீர்களா? அங்கே இருப்பவர் உங்களைப் பற்றிச் சொல்ல முடியும்.

தோட்டத்தில் பேர் பதிந்து வேலை செய்தவர்களுக்கு, உங்கள் மலைக்கு வரும் கங்காணியோ கணக்கப்பிள்ளையோ ஸ்டோரில் உங்களுக்கு மேலிருந்தவரோ நல்லவர். "தொரை பேரு போட்டாத்தானே மதிப்பு?" என்பீர்கள். துரைக்கு உங்களை நேரில் தெரியுமென்றால் தாராளமாகக் கேளுங்கள். தெரியாவிட்டால் செக்ரோலைப் பார்த்து இத்தனை வருடம் பேர் இருந்தது என்று மட்டுமே அவரால் சொல்ல முடியும். அதற்கும் பயன் உண்டு. அதை ஆபீசில் சேவைக் கடிதமாக வாங்கி இணையுங்கள். ரெபரியாக, மழையிலும் பனியிலும் நீங்கள் நேரத்துக்கு மலைக்கு வந்ததைப் பார்த்த கங்காணியைப் போடுங்கள்.

தலைவர் விஷயமும் அப்படித்தான். தலைவருக்குரிய மரியாதையில் குறைவு வேண்டாம். ஆனால் "இந்தத் தம்பி கம்பியூட்டர் வேலை எப்படிச் செய்வான்?" என்று முதலாளி கேட்டால் அவர் என்ன சொல்வார்? அவரோடு சேர்ந்து சிரமதானத்திலோ கோயில் திருவிழாவிலோ பொறுப்பெடுத்து வேலை செய்திருந்தால் போடலாம். பேருக்காகப் போட வேண்டாம்.

கொழும்பில் கடையிலோ கார்மெண்ட்ஸிலோ வேலை செய்துவிட்டு வந்தவர்களுக்கு, அங்கே உங்களுக்கு மேலிருந்த சூப்பர்வைசர்தான் முதல் ஆள். மனஸ்தாபத்தோடு விலகி வந்திருந்தால் அதே இடத்தில் உங்களோடு நல்ல மாதிரி இருந்த வேறொரு மூத்தவரைக் கேளுங்கள். கடிதம் ஒன்றும் தராமல் அனுப்பிவிட்டார்களா? ஊழியர் சேமலாப நிதி பிடித்திருந்தால் அந்தக் கணக்கு அறிக்கை நீங்கள் அங்கே வேலை செய்ததற்குச் சாட்சி. சம்பளத் துண்டுகளையும் எறிந்துவிடாதீர்கள்.

இன்னொரு விஷயம். வேலை தருபவருக்குத் தமிழ் தெரியாமலிருக்கலாம். நீங்கள் போடும் இருவரில் ஒருவராவது சிங்களமோ இங்கிலீஷோ பேசக்கூடியவராக இருந்தால் நல்லது. அதற்காக மற்றவரைத் தள்ளிவிட வேண்டாம். எழுதப் படிக்கத் தெரியாத கங்காணியாக இருந்தாலும் டெலிபோனில் பேசத் தெரிந்தால் போதும்.

உறவினரல்லாதவர் என்றால்?

தோட்டத்தில் இது பெரிய குழப்பம். நாம் எல்லாரையும் மாமா, சித்தப்பா, அத்தை என்று முறை வைத்துத்தான் கூப்பிடுகிறோம். "அவரு எனக்கு மாமா முறைங்க, போடலாமா?" என்று கேட்கிறார்கள்.

முறை சொல்லிக் கூப்பிடுவதால் மட்டும் ஒருவர் உறவினர் ஆகிவிடமாட்டார். இரத்த உறவும் கலியாண வழி உறவும்தான் உறவு. பக்கத்து லயத்துக் கங்காணியை மரியாதைக்கு மாமா என்று கூப்பிட்டால் அவர் பெயரைப் போடலாம். அம்மாவின் கூடப்பிறந்தவர் என்றால் கூடாது. அக்காவைக் கட்டியவரும் கூடாது, அவர் எவ்வளவு பெரிய உத்தியோகத்தில் இருந்தாலும் சரி. மறைத்துப் போட்டு, பிறகு தெரியவந்தால் அந்த ஒரு பொய்க்காகவே உங்களை விட்டுவிடுவார்கள்.

கேட்காமல் போடாதீர்கள்

இதுதான் பாடத்தின் நடுப்பகுதி. நேரில் போய்க் கேளுங்கள். தூரத்தில் இருந்தால் டெலிபோன் எடுத்துக் கேளுங்கள். இப்படிக் கேட்கலாம்:

"டீச்சர், வணக்கம். நான் போன வருசம் உங்க வகுப்புல கணக்குப் படிச்சேன். டவுன்ல ஒரு கடைக்குக் கணக்கு எழுத விண்ணப்பம் போடுறேன். உங்க பேரப் போடலாமா? அவங்க போன் பண்ணினா என்னப் பத்தி ரெண்டு வார்த்த சொல்ல முடியுமா, டீச்சர்?"

"முடியுமா" என்ற சொல் முக்கியம். முடியாது என்று சொல்லவும் அவருக்கு இடம் கொடுக்க வேண்டும். நம் ஊரில் முகத்துக்கு நேரே யாரும் முடியாது என்று சொல்லமாட்டார்கள். "பாப்போம்", "போட்டுக்கயேன்" என்று இழுத்தால் அவருக்கு மனமில்லை, அல்லது உங்களை அவ்வளவாகத் தெரியாது என்று எடுத்துக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டு வேறு ஒருவரிடம் போங்கள். மனத்தாங்கல் வேண்டாம். சந்தோசமாகச் சம்மதிப்பவர்தான் சந்தோசமாகப் பேசுவார்.

ஒரு தடவை கேட்டது எல்லாக் காலத்துக்கும் போதாது. புது வேலைக்கு விண்ணப்பிக்கும் ஒவ்வொரு முறையும் சொல்லிவிட வேண்டும்.

அவர் கையில் ஒரு தாள் கொடுங்கள்

சம்மதித்தவருக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும் என்று நினைக்கக்கூடாது. ஓர் ஆசிரியர் கையில் வருடத்துக்கு எத்தனை பிள்ளைகள்! ஆகவே ஒரு தாளில் இவற்றை எழுதிக் கொடுங்கள்:

அடையாள அட்டையில் உள்ளபடி என் பெயர் ....................
வீட்டில், வகுப்பில் கூப்பிடும் பெயர் ....................
உங்களிடம் படித்த அல்லது வேலை செய்த வருடங்கள் ....................
விண்ணப்பிக்கும் இடமும் வேலையும் ....................
விண்ணப்பம் அனுப்பிய திகதி ....................
நான் செய்ததில் உங்களுக்கு ஞாபகப்படுத்த விரும்புவது (இரண்டு விஷயம்) ....................
என் டெலிபோன் இலக்கம் ....................

முதல் இரண்டு வரிகளையும் விட்டுவிடாதீர்கள். அடையாள அட்டையில் ஜெகதீஸ்வரி என்றிருக்கும். லயத்தில் பிறந்ததிலிருந்து பாப்பா. "ஜெகதீஸ்வரியைத் தெரியுமா?" என்று கேட்டால் பிள்ளைக் காம்பரா அக்கா "அப்படி யாரும் இங்க இல்லையே" என்றுதான் சொல்வார். பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரியும் அடையாள அட்டையில் வேறு மாதிரியும் பெயர் இருந்தால் அதையும் கவனிக்க வேண்டும். இருவரும் ஒரே ஆள்தான் என்று சமாதான நீதவான் முன்னிலையில் சத்தியக் கடதாசி முடித்து வைத்துக்கொள்ளலாம். வேலை கிடைக்கப்போகும் கிழமையில் அதற்கு ஓடாமல் இப்போதே செய்யுங்கள்.

டெலிபோன் விஷயத்தையும் பாருங்கள். நம் மலையில் எல்லா இடத்திலும் சிக்னல் இல்லை. எந்த நேரத்தில், எந்த இலக்கத்துக்கு எடுத்தால் அவர் பேசுவார் என்று கேட்டு, "பி.ப. 4 மணிக்குப் பின்" என்று இலக்கத்துக்குப் பக்கத்தில் எழுதுங்கள். ஆசிரியர் மாற்றலாகிப் போயிருந்தால் புது விலாசத்தைப் போடுங்கள். உங்கள் விலாசத்தையும் லய இலக்கம், கணக்கு, தோட்டம், தபால் கந்தோர் என்று முழுதாக எழுதுங்கள். நம் கடிதங்கள் பல தோட்டத்து ஆபீஸ் வழியாகத்தான் வருகின்றன. விண்ணப்பம் போட்டிருந்தால் ஆபீசில் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். நேர்முகப் பரீட்சை முடிந்த பிறகு கடிதம் கைக்கு வந்து என்ன பிரயோசனம்?

நற்சான்றுக் கடிதம்: எங்கள் இரண்டாவது பிழை

இதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். முன்பு எங்களிடம் நற்சான்று கேட்டு வருபவர்களுக்கெல்லாம் ஒரே கடிதத்தை டைப் செய்து, பெயரை மட்டும் மாற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தோம். "நல்லொழுக்கமும் நற்பண்பும் விடாமுயற்சியும் நிறைந்தவர், எப்பணியையும் திறம்படச் செய்வார்" என்பது போலத்தான் இருக்கும். ஒரு முறை ஒரே இடத்துக்கு எங்கள் தோட்டத்துப் பிள்ளைகள் மூவர் போனார்கள். மூன்று கடிதமும் எழுத்துக்கு எழுத்து ஒன்று. அங்கிருந்தவர் மூன்றையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டிச் சிரித்தாராம். பிள்ளைகள் வந்து சொன்னபோது எங்களுக்கு வெட்கமாகிவிட்டது.

இப்போது எங்களிடம் வருபவர்களை உட்காரவைத்துக் கேட்கிறோம்: நீ என்ன செய்தாய்? எப்போது? எத்தனை நாள்? அதை எழுதுகிறோம். உதாரணத்துக்கு:

"இவரை எனக்கு மூன்று வருடங்களாகத் தெரியும். எங்கள் சிறுவர் நிலையத்தில் மாதாந்தம் பிள்ளைகளின் நிறை பார்க்கும் நாட்களில் பதிவேட்டை எழுதி உதவினார். ஒரு மாதமும் தவறவில்லை. எழுத்து தெளிவாக இருக்கும். பிழை விட்டால் தானே வந்து சொல்லித் திருத்துவார். பதிவேடு எழுதும் வேலைக்கு இவரைத் தயக்கமின்றிச் சிபாரிசு செய்கிறேன்."

எவ்வளவு காலமாகத் தெரியும், எப்படித் தெரியும், என்ன செய்தார், எந்த வேலைக்குப் பொருத்தம் என்ற நான்கும் இதில் இருக்கின்றன. கீழே திகதி, கையொப்பம், பெயர், பதவி, டெலிபோன் இலக்கம் இருக்க வேண்டும். செய்யாததைச் செய்ததாக எழுதச் சொல்லி யாரையும் வற்புறுத்தாதீர்கள். பொய் வெளிப்பட்டால் எழுதியவரின் பெயரும் கெடும். அடுத்த பிள்ளைக்கு அவர் எழுதமாட்டார்.

மூலக் கடிதத்தைக் கொடுத்துவிடாதீர்கள். பிரதியை அனுப்புங்கள். மூலத்தை நேர்முகப் பரீட்சையில் காட்டிவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். லயத்துக் காம்பராவில் ஈரத்துக்குத் தாளெல்லாம் பூஞ்சணம் பிடித்துவிடும். பொலித்தீன் பையில் போட்டு, அடுப்புப் புகை படாத இடத்தில் வையுங்கள்.

வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும்

முடிவு தெரிந்ததும் அந்த இருவரிடமும் போய்ச் சொல்லுங்கள். காசு, போத்தல், சாமான் ஒன்றும் வேண்டாம். "டீச்சர், கிடைச்சிருச்சு" என்றோ, "இந்தத் தடவ கிடைக்கல டீச்சர், திரும்பப் போடுறேன்" என்றோ சொன்னால் போதும். அடுத்த முறை அவர் இன்னும் அக்கறையாகப் பேசுவார்.

மேல்கணக்குப் பிள்ளையைப் பற்றிச் சொல்லி முடிக்கிறோம். அடுத்த விண்ணப்பத்தில் கணக்கு டீச்சரின் பெயரையும் பிள்ளைக் காம்பரா அக்காவின் பெயரையும் போட்டாள். இருவரிடமும் அவளே போய்க் கேட்டுத் தாளும் கொடுத்தாள். அந்த இடத்தில் யாரும் டெலிபோன் எடுக்கவில்லை, வேலையும் கிடைக்கவில்லை. அதற்கடுத்த இடத்தில் எடுத்தார்கள். டீச்சர் சுற்றுலாக் காசுக் கதையைச் சொல்லியிருக்கிறார். இப்போது அவள் அங்கே கணக்கு எழுதுகிறாள். முதலில் தவறிப்போன அந்தக் கடை, பஸ்சில் போகும்போது வழியில்தான் இருக்கிறது. அதைக் காணும்போதெல்லாம் எங்களுக்கு மனம் உறுத்தும். உங்கள் பிள்ளைகளுக்கு அப்படி நேரக்கூடாது.

செய்து பாருங்கள்

1. இன்று இரவு பிள்ளையும் பெற்றோரும் சேர்ந்து உட்கார்ந்து, பிள்ளை ஏதாவது வேலை செய்ததைக் கண்ணால் பார்த்த ஐந்து பேரின் பெயரை எழுதுங்கள்.

2. அதில் உறவினர்களை வெட்டுங்கள். டெலிபோனில் கிடைக்காதவர்களை வெட்டுங்கள்.

3. மீதியில் இருவரைத் தெரிவு செய்து, இந்தக் கிழமைக்குள் நேரில் போய்க் கேளுங்கள். வேலை விளம்பரம் வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

4. ஐந்து பேரும் வெட்டுப்பட்டுவிட்டார்களா? பயப்படாதீர்கள். பிள்ளைக் காம்பராவிலோ வாசிகசாலையிலோ கோயில் வேலையிலோ இப்போதிருந்தே ஒரு பொறுப்பை எடுத்துச் செய்யுங்கள். ஆறு மாதத்தில் உங்களைப் பற்றிச் சொல்ல ஆள் இருக்கும்.

எழுதிய தாளை எங்களிடம் கொண்டுவாருங்கள், சேர்ந்து பார்ப்போம். இம்முறை கனமான பெயரைத் தேடமாட்டோம். உங்களைத் தெரிந்தவர் யார் என்றுதான் கேட்போம்.

அன்புடன்,
உங்கள் நலன்புரி உத்தியோகத்தர்